பாஸ்க் மொழி எங்கிருந்து வந்துச்சு, பாஸ்க் மக்கள் எங்கிருந்து வந்தாங்க: ரெண்டும் வேற வேற கேள்வி

பாஸ்க் பத்தி நெட்ல தேடினா திரும்பத் திரும்ப மூணு கதை வரும். ஐரோப்பாவுலயே பழைய மொழி, கற்காலத்துல இருந்து அப்படியே மாறாம வருதுன்னு ஒண்ணு. அவங்க ரத்தமே வேற, மத்த ஐரோப்பியர்களோட ஒட்டே கிடையாதுன்னு இன்னொண்ணு. மூணாவது நம்ம ஆளுங்க ஆசையா ஷேர் பண்றது, பாஸ்கும் தமிழும் ஒரு தாய் பிள்ளைங்கன்னு. முதல் ரெண்டு கதையிலயும் ஒரு துளி உண்மை இருக்கு, அந்தத் துளிய வச்சுத்தான் மிச்ச தண்ணியையும் கலந்து வித்துட்டு இருக்காங்க. மூணாவதுல அந்தத் துளியும் கிடையாது. ஆனா நிஜ வரலாறு இந்தக் கதைங்களை விட சுவாரசியமானது, அதை ஒழுங்கா யாரும் சொல்றதில்லையேங்கிற ஆதங்கத்துலதான் இதை எழுதறேன். மொழியியல் எதுவும் தெரிஞ்சிருக்க வேண்டாம், மெதுவாவே போலாம்.

முதல்ல, இவங்க யாரு, எங்க இருக்காங்க

ஸ்பெயினும் பிரான்ஸும் சேர்ற இடத்துல, பிரெனே மலையோட மேற்குக் கடைசியில, பிஸ்கே வளைகுடாவை ஒட்டின பகுதி. பில்பாவோ, சான் செபஸ்தியான், பம்ப்லோனா எல்லாம் ஸ்பெயின் பக்கம், பயோன் பிரான்ஸ் பக்கம். பாரம்பரியமா ஏழு மாகாணம்னு கணக்கு, நாலு ஸ்பெயின்ல, மூணு பிரான்ஸ்ல. மொழிக்கு அவங்க வச்சிருக்கிற பேரு எவுஸ்கரா. அதைப் பேசறவங்க எட்டு லட்சத்தை ஒட்டி இருப்பாங்க, அவங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருக்குமே ஸ்பானிஷோ ஃப்ரெஞ்சோ கூடவே தெரியும்.

சுத்தி இருக்கிற ஸ்பானிஷ், ஃப்ரெஞ்ச், கேட்டலன், ஆக்ஸிடன் எல்லாமே லத்தீன்ல இருந்து வந்தது. அந்த லத்தீன், கிரேக்கம், ரஷ்யன், ஹிந்தி எல்லாம் சேர்ந்தது இந்தோ ஐரோப்பியக் குடும்பம், அதாவது ரொம்ப காலத்துக்கு முன்னாடி பேசப்பட்ட ஒரே மொழியில இருந்து கிளைச்ச கூட்டம். எவுஸ்கரா அதுல சேராது. உலகத்துல இப்ப தெரிஞ்ச எந்தக் குடும்பத்துலயும் சேராது. இதுக்குப் பேருதான் தனித்த மொழி.

தனித்த மொழின்னா வானத்துல இருந்து விழுந்ததா?

இங்கதான் முதல் குழப்பமே. ஒரு தெருவுல வயசான பாட்டி ஒருத்தங்க தனியா இருக்காங்க, அண்ணன் தம்பி, பங்காளி, மாமன் மச்சான்னு யாருமே இல்லன்னு வைங்க. அதுக்காக அந்தப் பாட்டி சொந்தமே இல்லாம பிறந்தாங்கன்னு யாராவது சொல்லுவோமா? எல்லாரும் இருந்தாங்க, ஒவ்வொருத்தரா போயிட்டாங்க, அவங்களைப் பத்தி எழுதி வச்ச காகிதமும் இல்ல, அவ்வளவுதான். தனித்த மொழிங்கிறது அந்த நிலைமைக்கான பேரு. பிறப்பைப் பத்தி அது எதுவும் சொல்லல, இன்னைக்கு யாரு மிச்சம்னு மட்டும்தான் சொல்லுது.

நிஜ உதாரணமே இருக்கு. சைபீரியாவுல யெனிசேய் ஆத்தங்கரையில கெட்னு ஒரு மொழி, இப்ப ரொம்பக் கொஞ்சம் பேர்தான் பேசறாங்க. அதுக்கு சொந்தக்கார மொழிகள் இருந்துச்சு, கோட், அரின், அசான், பும்போகோல்னு, எல்லாம் செத்துப்போச்சு. ஆனா சாகறதுக்கு முன்னாடி பயணிகளும் ஆய்வாளர்களும் போய் சொற்களைக் குறிச்சு வச்சுட்டாங்க, 1840-கள்ல காஸ்ட்ரேன்ங்கிற பின்லாந்துக்காரர் கோட் பேசின கடைசிச் சிலர்கிட்ட கேட்டு இலக்கணமே எழுதினார். அந்தக் குறிப்புங்க இருக்கிறதால கெட் ஒரு குடும்பத்தோட கடைசி உறுப்பினர்னு நமக்குத் தெரியுது. அது இல்லன்னா கெட்டையும் தனித்த மொழின்னுதான் சொல்லியிருப்போம். எவுஸ்கராவோட பங்காளிங்களுக்கு காஸ்ட்ரேன் மாதிரி ஒரு ஆள் கிடைக்கல, அவங்க போனது எழுத்தே அந்தப் பக்கம் வராத காலத்துல.

ஆக, தனித்த மொழின்னா மர்ம மொழி இல்ல, சொந்தத்தை இழந்த மொழி.

ரெண்டு மொழி சொந்தம்னு எப்படி முடிவு பண்றாங்க

தமிழ்ல பால், கன்னடத்துல ஹாலு. பல், ஹல்லு. புலி, ஹுலி. பத்து, ஹத்து. பாருங்க, தமிழ்ல சொல்லு ப-ல தொடங்கினா கன்னடத்துல ஹ வருது, ஒண்ணு ரெண்டு இடத்துல இல்ல, வரிசையா வருது. இந்த மாதிரி ஒழுங்கா, விதி போட்டு சொல்ற அளவுக்கு ஒலிகள் ஜோடி சேர்றதுக்கு ஒலி இயைபுன்னு பேரு. மொழிக் குடும்பத்துக்கு அசைக்க முடியாத சாட்சி இதுதான். பாக்க ஒரே மாதிரி இருக்கிற நாலு சொல்லு சாட்சி கிடையாது.

இப்ப தமிழ் பாஸ்க் விஷயத்துக்கு வருவோம், ஏன்னா இதை நேர்மையா போட்டுப் பாத்துடறது நல்லது. எவுஸ்கராவுல அம்மாவுக்கு அமா. மேற்குப் பக்கத்து வழக்குல நகரத்துக்கு உரி, உடனே நமக்கு ஊர் ஞாபகம் வருது. வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில வரும், உருபுகளை ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டிக்கிட்டே போவாங்க, அதுவும் நம்ம மாதிரியே. இதை விட அழகா ஒண்ணு இருக்கு: ர-ல எந்தச் சொல்லும் தொடங்கக் கூடாது. நாம ராமனை இராமன்னு எழுதற மாதிரி அவங்க ரோமாவை எர்ரோமான்னு சொல்றாங்க, லத்தீன்ல ராஜாவுக்கான ரெகெம் அங்க போய் எர்ரெகே ஆயிடுச்சு.

கேக்கவே சந்தோஷமா இருக்கு இல்லையா, ஆனா நிக்காது. அமா மாதிரி சொல்லு உலகம் முழுக்க சம்பந்தமே இல்லாத மொழிகள்ல இருக்கு, குழந்தை வாய் முதல்ல உண்டாக்கற சத்தம் அது. வினை கடைசியில வர்றது ஜப்பானியத்துலயும் இருக்கு, உருபு ஒட்டறது துருக்கியிலயும் இருக்கு, ர-ல தொடங்காத பழக்கம் பழைய துருக்கியிலயும் உண்டு. மொழி அமைப்புல இருக்கிற வழிகள் கொஞ்சம்தான், அதனால தூரத்து மொழிங்க கூட ஒரே வழியில போகும். ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் எண்ணுப் பெயர்கள எடுத்தா உடனே தெரிஞ்சிடும்: பத், பி, இரு, லாவ், பொஸ்த். அந்த மூணாவது இரு-வைக் கேட்டதும் ரெண்டுன்னு நினைக்கத் தோணும், ஆனா அது மூணு. கைக்கு எஸ்கு, கண்ணுக்கு பெகி, தலைக்கு புரு, ரத்தத்துக்கு ஒடோல். பால்–ஹாலு மாதிரி ஒரு வரிசை, எந்தப் பக்கம் புரட்டினாலும் கிடைக்காது.

இன்னொரு வித்தியாசமும் இருக்கு. நமக்கு "அந்த ஆள் வந்தான்", "அந்த ஆள் புத்தகத்தைப் பாத்தான்" ரெண்டுலயும் ஆள் ஆள்தான். எவுஸ்கராவுல வந்தா கிஸோனா, ஆனா எதையாவது பாத்தா, செஞ்சா, தின்னா கிஸோனாக். பெரும்பாலும் செயப்படுபொருள் இருக்கிற வினையைச் செய்றவருக்குத்தான் தனியா அந்த க் உருபு சேரும். தமிழ்ல இந்த ஏற்பாடே கிடையாது.

காகசஸ் மலைப்பக்கத்து மொழிகள், வட ஆப்பிரிக்காவோட பெர்பர், பழைய இத்தாலியில பேசின எட்ருஸ்கன்னு இதே மாதிரி நிறைய மொழிகளோட சேர்த்துப் பாத்துட்டாங்க, எதுவும் ஒட்டல. இதுல பெரிய மோதல் ஐபீரிய மொழியோடதான். பழைய ஸ்பெயின்ல கிழக்குக் கரையில பேசின அந்த மொழிதான் பாஸ்கோட மூதாதைன்னு 1821-ல வில்ஹெல்ம் ஃபான் ஹம்போல்ட் எழுதினார், நூறு வருஷத்துக்கு மேல நிறைய பேர் அதையே நம்பினாங்க. 1920-கள்ல கோமெஸ் மொரேனோங்கிற அறிஞர் ஐபீரிய எழுத்துக்களைப் படிக்க வழி கண்டுபிடிச்சார். எழுத்தைப் படிக்க முடிஞ்சதும் வாக்கியம் பாஸ்க் வழியா புரிஞ்சிருக்கணும், தாய் மகள்னா. புரியல. இன்னைக்கும் ஐபீரியத்தை வாய் விட்டு வாசிக்கலாம், அர்த்தம் தெரியாது. சில எண்ணுப் பெயர் ஒத்துப் போகுதுன்னு இப்பவும் சிலர் வாதம் பண்றாங்க, அது பக்கத்து ஊர் உறவா, சொந்தமாங்கிறது முடியாத வழக்கு.

கல்லுல கிடைச்ச பேருங்க

அப்ப எவுஸ்கராவுக்கு பழைய சாட்சியே இல்லையான்னா, இருக்கு, அதுவும் நல்ல சாட்சி. ஜூலியஸ் சீசர் கௌல் நாட்டைப் பத்தி எழுதும்போது அது மூணு பகுதி, தெற்குல கரோன் ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற அக்விடேனியர்கள் மொழியே வேறன்னு சொல்றார். அந்தப் பகுதி இன்னைக்கு தென்மேற்கு பிரான்ஸ். அங்க ரோமானிய ஆட்சியோட முதல் சில நூற்றாண்டுகளைச் சேர்ந்த கல்லறைக் கல்லும் பலிபீடமும் நிறைய கிடைச்சிருக்கு, எழுதினது லத்தீன்ல, ஆனா உள்ள இருக்கிற ஆள் பேரும் சாமி பேரும் லத்தீன் இல்ல. சுமார் 400 ஆள் பேரு, 70 சாமி பேரு.

அதுல சிலதைப் படிச்சுப் பாருங்க. நெஸ்காதோ, இன்னைய எவுஸ்கராவுல நெஸ்காதோன்னா சின்னப் பொண்ணு. கிசோன், இன்னைக்கு கிஸோன்னா ஆம்பளை. ஆந்தெரே, இன்னைக்கும் அது அம்மணிதான். செம்பே, இன்னைக்கு மகனுக்கு செமே. ஓம்பே, இன்னைக்கு குழந்தைக்கு உமே. கடைசி ரெண்டையும் கவனிங்க, அங்க ம்ப இருந்த இடத்துல இன்னைக்கு ம, ரெண்டுலயும் அப்படியே. பால்–ஹாலு கணக்குதான், இங்க ஒரே மொழியோட பழைய காலத்துக்கும் புதுக் காலத்துக்கும் நடுவுல. கல்லுல பேரு வெட்டிக் குடுத்த அந்தச் சாதாரண குடும்பங்க இல்லன்னா எவுஸ்கராவோட ரெண்டாயிரம் வருஷம் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அதனால இன்னைய எவுஸ்கரா, அக்விடேனிய மொழியோட வாரிசு, இல்லன்னா அதுக்கு ரொம்ப நெருங்கின தங்கச்சியோட வாரிசு. இதுல ஆய்வாளர்கள் நடுவுல பெரிய சண்டை இல்ல.

"மாறாத மொழி"ங்கிறது ஏன் தப்பு

உலகத்துல எந்த மொழியும் மாறாம இருந்ததில்ல, அதனால "பழைய மொழி"ங்கிற பட்டத்துக்கே அர்த்தம் கம்மி. எவுஸ்கரா அந்த இடத்துல பக்கத்து மொழிகளுக்கு முன்னாடியே இருந்துச்சுங்கிறது உண்மை, ஆனா உள்ளுக்குள்ள அது ஏராளமா மாறியிருக்கு. கொல்டோ மிச்செலேனாங்கிற மாபெரும் அறிஞர் 1961-ல வெளியிட்ட ஆய்வுலதான் இது முழுசா வெளிச்சத்துக்கு வந்துச்சு. அவரோட வேலையில கடன் சொற்கள் பெரிய கருவி, அந்த வழி ரொம்ப அழகு.

லத்தீன்ல எந்தச் சொல்லு எப்படி இருந்துச்சுன்னு நமக்கு நல்லாத் தெரியும். அது எவுஸ்கராவுக்குள்ள போய் எப்படி ஆச்சுன்னும் தெரியும். வாத்துக்கு லத்தீன் அநாதெம், எவுஸ்கராவுல அஹாதே. சங்கிலிக்கு லத்தீன் கதேனா, இங்க கதே. ரெண்டு உயிர் ஒலிக்கு நடுவுல இருந்த ந காணாமப் போகுது. அப்ப ஒயினுக்கான சொந்தச் சொல்லு ஆர்தோவையும் சந்தேகப்படலாம் இல்லையா? ஒயின் கடைக்கான கூட்டுச்சொல்லு ஆர்தன்தெகி, அதுல அந்த ந பத்திரமா ஒளிஞ்சிருக்கு. ஆக ஒரு காலத்துல அது ஆர்தனோ மாதிரி இருந்திருக்கு. இப்படி ஒவ்வொரு ஒலியா பின்னோக்கிப் போய் கட்டி எழுப்பற பழைய வடிவத்துக்கு முன்னை பாஸ்க்னு பேரு.

லத்தீன் சொல்லு எப்ப உள்ள வந்துச்சுன்னு கூட சொல்லலாம். சமாதானத்துக்கு எவுஸ்கராவுல பாகே, லத்தீன் பாகெம்ல இருந்து வந்தது. ஸ்பானிஷ்ல அது பாஸ் மாதிரி ஆயிடுச்சு, ஏன்னா லத்தீனோட க சில இடத்துல பின்னாடி ச மாதிரி மாறிச்சு. எவுஸ்கராவுல க அப்படியே இருக்குன்னா அந்த மாற்றத்துக்கு முன்னாடியே வாங்கிட்டாங்கன்னு அர்த்தம், அதாவது ரோமாபுரி உயிரோட இருந்த காலம். புத்தகம், சட்டம், ராஜா, கோட்டை, சர்ச்சு எல்லாத்துக்கும் எவுஸ்கராவுல லத்தீன் சொல்லுதான். உலகத்துல இருந்து துண்டிச்சு மலையில ஒளிஞ்சு கிடந்த மொழி இவ்வளவு வாங்கியிருக்காது.

இங்க அந்தக் கோடாலிக் கதையையும் சொல்லிடணும், ஏன்னா கற்காலக் கதைக்கு முக்கிய ஆதாரமே அதுதான். எவுஸ்கராவுல பாறைக்கு அய்ட்ஸ், கோடாலிக்கு அய்ஸ்கோரா, மண்வெட்டிக்கு அய்ட்சுர், கத்திக்கு அய்ஸ்தோ. எல்லாத்துலயும் பாறை இருக்கு, அதனால இந்தச் சொல்லெல்லாம் கல்லால கருவி செஞ்ச காலத்துல பிறந்ததுன்னு சொல்லுவாங்க. படிச்சா சிலிர்க்கும். ஆனா கோடாலி லத்தீன் அஸ்கியோலாவுல இருந்து வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அதுக்கு சின்னக் கோடாலின்னு அர்த்தம். மண்வெட்டிய பிரெனே மலையில இருக்கிற ரொன்கால் பள்ளத்தாக்கு வழக்குல ஆன்ட்சுர்னு சொன்னாங்க, நடுவுல ஒரு மூக்கொலி இருக்கு, பாறைக்கான சொல்லுல அந்த மூக்கொலிக்குத் தடயமே இல்ல. அப்ப ரெண்டும் ஒரே வேர்ல இருந்து வந்திருக்க முடியாது. பள்ளத்தாக்குல எங்கயோ பேசின ஒரு வழக்கு, நூறு வருஷம் சுத்தின கதையை நிறுத்திடுச்சு. வட்டார வழக்குங்களைப் பதிவு பண்ணி வைக்கணும்னு நான் எங்க போனாலும் சொல்றதுக்கு இதுதான் காரணம்.

சரி, மக்கள்?

இதுவரைக்கும் பாத்தது மொழி. இப்ப கேள்வியே மாறுது, தயவு செஞ்சு ரெண்டையும் கலக்காதீங்க. மொழிய யாரு வேணும்னாலும் கத்துக்கலாம், விட்டுடலாம். மரபணு அப்படி இல்ல, அது அப்பா அம்மாகிட்ட இருந்து மட்டும்தான் வரும். ஹங்கேரி மொழிக்கு சொந்தக்காரங்க யூரல் மலைப்பக்கம் இருக்காங்க, ஆனா ஹங்கேரி மக்களோட மரபணு பெரும்பாலும் பக்கத்து நாட்டுக்காரங்க மாதிரிதான். ரெண்டும் ஒரே வண்டியில வரணும்னு கட்டாயமே இல்ல.

ரத்த விஷயம் முதல்ல. ஆர்எச் நெகட்டிவ் ரத்த வகை பாஸ்க் மக்கள்கிட்ட ரொம்ப அதிகம், சில கணக்குல மூணுல ஒருத்தர் வரைக்கும். ஆனா ஐரோப்பா முழுக்கவே சுமார் 15 சதவீதம் பேருக்கு அது உண்டு, நம்ம ஊர்லயும் உண்டு. சின்னக் கூட்டம் தங்களுக்குள்ளயே நிறைய கல்யாணம் பண்ணிக்கும்போது ஒரு மரபணு வடிவம் எந்தக் காரணமும் இல்லாம தற்செயலா கூடும் குறையும், இதுக்கு மரபணு மிதவைன்னு பேரு. இந்த ரத்தம் வேத்துக்கிரகவாசிகிட்ட இருந்து வந்ததுன்னு சுத்தற கதைக்கெல்லாம் இங்க வேலையே இல்ல.

ரொம்ப நாளா, இவங்க பனியுக வேட்டைக்காரங்களோட நேரடி வாரிசுன்னு அறிவியல்காரங்களே நினைச்சாங்க. பழைய எலும்புல இருந்து டிஎன்ஏ எடுக்க முடிஞ்சதும் கதை மாறிப்போச்சு. ஐபீரியத் தீபகற்பத்துல முதல்ல வேட்டையாடி வாழ்ந்தவங்க இருந்தாங்க. சுமார் 7500 வருஷத்துக்கு முன்னாடி விவசாயம் வந்துச்சு, அதைக் கொண்டு வந்தவங்களோட பூர்வீகம் அனடோலியா, அதாவது இன்னைய துருக்கி. ரெண்டு கூட்டமும் கலந்துச்சு. அப்புறம் 4500 வருஷத்துக்கு முன்னாடி தொடங்கி, கருங்கடலுக்கு வடக்க இருக்கிற புல்வெளியைப் பூர்வீகமா கொண்ட மேய்ச்சல்காரங்களோட வாரிசுகள் வந்தாங்க. ஐரோப்பாவுல இந்தோ ஐரோப்பிய மொழிங்க பரவினது இவங்க கூடத்தான்னு இன்னைக்கு பெரும்பாலானவங்க ஏத்துக்கறாங்க.

2015-ல வட ஸ்பெயின்ல அட்டப்புவெர்கா பக்கத்துல எல் போர்தலோன் குகையில கிடைச்ச பழைய விவசாயிகளோட டிஎன்ஏவைப் படிச்சாங்க. இன்னைக்கு இருக்கிறவங்கள்ல அவங்களுக்கு ரொம்ப நெருக்கம் பாஸ்க் மக்கள்தான். ஆக இவங்க பூர்வீகத்துல பெரும் பங்கு விவசாயிகளோடது, வேட்டைக்காரங்க பங்கும் அதுக்குள்ளயே இருக்கு. 2019-ல சயன்ஸ் இதழ்ல 271 பழைய ஐபீரியர்களோட டிஎன்ஏவை வச்சு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. அதுல தெரிஞ்சது இன்னும் ஆச்சரியம். கிமு 2000 வாக்குல ஐபீரிய மக்களோட மரபணுவுல சுமார் 40 சதவீதம் மாறியிருக்கு, அப்பா வழியா மகனுக்கு மட்டும் போற ஒய் குரோமோசோம் கிட்டத்தட்ட முழுசாவே மாறியிருக்கு, அதாவது புதுசா வந்த ஆண்களோட வழித்தோன்றல்தான் நிலைச்சிருக்கு. பாஸ்க் மக்கள் இதுக்கு விலக்கே இல்ல. பாஸ்க் ஆண்கள்ல மிகப் பெரும்பான்மைக்கு அந்தப் புல்வெளி வழி ஒய் குரோமோசோம்தான்.

யோசிச்சுப் பாருங்க, ஆண் வழி அங்கிருந்து, ஆனா மொழி அவங்களோடது இல்ல. வந்தவங்க தங்கின இடத்து மொழிக்கு மாறியிருக்கலாம், குழந்தைங்க அம்மா பேச்சையே பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கலாம். ரத்தத்தை வச்சு மொழிய அளக்கிறவங்களுக்கு இதை விடத் தெளிவான பதில் வேற எங்கயும் கிடைக்காது.

அப்ப பாஸ்க் மக்கள் மரபணுவுல தனியா தெரியறது ஏன்? அதே ஆய்வு சொல்ற பதில் எளிமையானது: அவங்க இரும்புக் காலத்து ஐபீரியர்கள் மாதிரியே நின்னுட்டாங்க. அதுக்கு அப்புறம் ரோமானியர் காலத்துலயும், வட ஆப்பிரிக்காவுல இருந்து ஆட்கள் வந்த காலத்துலயும் மத்த இடத்துல நடந்த கலப்பு இவங்ககிட்ட ரொம்பக் கம்மி. அதாவது ஆதியில வேற மாதிரி இருந்தவங்க இல்ல, மத்தவங்க பின்னாடி மாறினப்போ இவங்க கம்மியா மாறினாங்க.

மலை காப்பாத்துச்சா?

எல்லாரும் சொல்ற பதில் இது, பாதிதான் சரி. பிரெனேயில உயரமான பகுதி நடுவுலதான், அங்க பாஸ்க் மாதிரி மொழி பேசினதுக்கு இடப் பெயர்கள் சாட்சி இருக்கு. ஆரன் பள்ளத்தாக்குன்னு ஒண்ணு, எவுஸ்கராவுல பள்ளத்தாக்குக்கே ஆரன்னுதான் பேரு. அங்க மொழி செத்துடுச்சு. தாழ்வான மேற்குப் பக்கத்துல, கடல் ஓரத்துல, பிழைச்சிருக்கு. பம்ப்லோனாவை ரோமானியத் தளபதி பொம்பேய் பேர்ல ரோமாபுரிக்காரங்க நகரமாவே வச்சிருந்தாங்க.

ரோமாபுரி விழுந்த பிறகு நடந்ததுதான் முக்கியம்னு எனக்குத் தோணுது. தெற்க ஸ்பெயினை ஆண்ட விசிகோத்துகள், வடக்க பிரான்ஸை ஆண்ட ஃபிராங்குகள், ரெண்டு பேராலயும் இந்தப் பகுதிய முழுசா அடக்க முடியல. 778-ல ஃபிராங்கு ராஜா சார்லமேனோட படை திரும்பிப் போகும்போது ரொன்செஸ்வால்யஸ் கணவாய்ல பின்படையை அடிச்சு நொறுக்கினது இவங்கதான். 9-ஆம் நூற்றாண்டுல பம்ப்லோனாவுல சொந்த அரசே வந்துடுச்சு. ஆனா அரசாங்க எழுத்து, சர்ச்சு எழுத்து எல்லாம் லத்தீன்லயே போச்சு, எவுஸ்கரா வீட்டுலயும் வயல்லயும்தான் வாழ்ந்துச்சு. முதல் அச்சுப் புத்தகம் 1545-ல, எச்சேபாரேங்கிற பாதிரியார் எழுதின கவிதைங்க.

போலியும் நிஜமும்

எழுத்து சாட்சி கம்மியா இருக்கிறதால ஏமாத்தறதுக்கும் இடம் இருந்துச்சு. 2006-ல விட்டோரியாங்கிற பாஸ்க் நகரத்துப் பக்கத்துல இருக்கிற இருஞா வெலேயாங்கிற ரோமானிய ஊர் அகழாய்வுல, ஓட்டுச்சில்லுல மூணாம் நூற்றாண்டு எவுஸ்கரா கிடைச்சிடுச்சுன்னு அறிவிச்சாங்க. நாடே கொண்டாடுச்சு. மொழியியலாளர்கள் படிச்சுப் பாத்தா சொற்களோட கடைசியில இன்னைய எவுஸ்கராவோட சுட்டு உருபு ஆ (கிஸோனைக் கிஸோனா ஆக்கற அதே ஆ) ஒட்டியிருக்கு, அந்தக் காலத்துல அது உருவாகவே இல்ல. காற்புள்ளி வேற இருந்துச்சு. 2008-ல நிபுணர் குழு போலின்னு சொல்லிடுச்சு, 2020-ல கோர்ட்டும் அதை உறுதி பண்ணிச்சு. மிச்செலேனா மாதிரி ஆட்கள் முன்னை பாஸ்கைக் கட்டி வச்சிருந்ததாலதான் அது மாட்டுச்சு.

நிஜமானது 2021-ல வந்துச்சு. பம்ப்லோனா பக்கத்துல இருலெகி மலை மேல, கிமு முதல் நூற்றாண்டுல, ரோமானியர்களுக்குள்ளயே நடந்த செர்தோரியஸ் போர்ல எரிஞ்சு போன ஒரு ஊர். அங்க ஒரு வீட்டு வாசல் கிட்ட உள்ளங்கை அளவு வெண்கலத் தகடு, வலது கை வடிவத்துல, ஆணி அடிக்க ஓட்டையோட. விரல் கீழ பாக்கிற மாதிரி வாசல்ல மாட்டியிருந்திருக்காங்க. அதுல நாலு வரி, ஐபீரிய எழுத்தோட உள்ளூர் வடிவத்துல. முதல் சொல்லை சொரியோனெகுன்னு படிச்சாங்க, இன்னைக்கு எவுஸ்கராவுல ஸொரியோனெகோன்னா அதிர்ஷ்டமான, நல்ல நேரத்தோட. 2024-ல கடைசி எழுத்தைத் திரும்ப ஆராஞ்சு சொரியோனெகேன்னு படிக்கலாம்னு சொன்னாங்க, ஒப்பீட்டுலயும் இன்னும் நிதானம் வேணும்னு சொன்னாங்க. மத்த சொற்களுக்கு ஒத்துக்கொள்ளப்பட்ட அர்த்தம் எதுவும் இல்ல, இன்னைய எவுஸ்கராவை வச்சு படிக்க முடியல. ஆனா அந்தப் பகுதி மக்கள், வாஸ்கோன்கள், தங்களுக்குன்னு எழுத்து வடிவம் வச்சிருந்தாங்கங்கிறது இதுல தெரிஞ்சுது, அதுக்கு முன்னாடி பெரும்பாலானவங்க அவங்களுக்கு எழுதவே தெரியாதுன்னுதான் நினைச்சிருந்தாங்க. மீதி வரிங்களைத் திறக்கணும்னா அதே எழுத்துல இன்னும் கொஞ்சம் தகடு வேணும், லத்தீனும் கூட இருக்கிற ஒரு இருமொழிக் கல்வெட்டு கிடைச்சா இன்னும் நல்லது.